பனங்கிழங்கு மணியம் படித்த நானூறு வரிகள்

தேவயானி தமிழில் நிமிடத்துக்கு ஐம்பது சொல் தட்டச்சு செய்வாள். திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருக்கும் தட்டச்சு நிலையத்தில் பதினோரு ஆண்டாக அவள்தான் ஆசிரியை. காலை ஆறரைக்கு முதல் வகுப்பு தொடங்கிவிடும். அரசுத் தேர்வு எழுதுகிறவர்கள் குறையவே மாட்டார்கள் என்பதால் இருபத்திரண்டு இயந்திரங்களில் ஒன்றுகூடச் சும்மா இருக்காது. வகுப்பில் அவள் அதிகம் சொல்கிற சொல் 'முதுகு'. முதுகை நிமிர்த்து என்பதன் சுருக்கம் அது. வீட்டுக்கு வந்தாலும் பழக்கம் விடாது. சாப்பிட உட்காரும் கணவன் பூவரசனுக்கும் ஒரு 'முதுகு' விழும். பழுதான மோட்டார்களுக்குக் காயில், அதாவது கம்பிச்சுருள், கட்டுவது அவன் தொழில். நாள் முழுக்கக் குனிந்திருந்துவிட்டு வருகிறவன் அந்தச் சொல்லுக்கு ஒருமுறை நிமிர்ந்துவிட்டு, அவள் சமையலறைக்குத் திரும்பியதும் மறுபடி வளைந்துகொள்வான்.

இப்படிப்பட்டவள் ஓர் இணைய விளையாட்டை நடத்துகிறவர்களில் ஒருத்தியானது ஒற்றுப்பிழையால்தான்.

விளையாட்டின் பெயர் ஏழுதுறை. அதில் படமோ சண்டைச் சத்தமோ கிடையாது, எல்லாமே எழுத்து. ஏழு துறைமுகங்கள் கொண்ட ஒரு கற்பனை நாடு. சேர்கிறவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, கப்பல்காரியாகவோ சுங்கக்காரனாகவோ மருத்துவச்சியாகவோ அங்கே பேசிப் பழகி, சண்டை போட்டு, வியாபாரம் செய்து வாழ வேண்டும். சுமார் அறுநூறு பேர் போனில் அதை ஆடிக்கொண்டிருந்தார்கள். நிலையத்துக் கணினியில் ஒரு மாணவி மூடாமல் விட்டுப்போன பக்கத்தில்தான் தேவயானி அதை முதலில் பார்த்தாள். விளையாட்டின் வரவேற்பு அறிவிப்பில் நாற்பத்தோரு பிழைகள் இருந்தன. வலி மிக வேண்டிய இடத்தில் மிகவில்லை, மிகக் கூடாத இடத்தில் மிகுந்திருந்தது. அவளால் பொறுக்க முடியவில்லை. பட்டியல் போட்டு அனுப்பிவிட்டாள்.

விளையாட்டைத் தொடங்கியவன் பிரவீன்குமார் என்ற விழுப்புரத்துக்காரன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் இதைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தான். பட்டியலைப் பார்த்துவிட்டு, நீங்களே உள்ளே வந்து திருத்திக் கொடுங்கள் அக்கா என்று பதில் போட்டான். அப்படி உள்ளே போனவள் ஆறே மாதத்தில் மணியம் ஆகிவிட்டாள். சம்பளமில்லாமல் விளையாட்டை நடத்திக் கொடுக்கும் ஒன்பது பேருக்கும் அங்கே மணியம் என்றுதான் பெயர். ஊரில் வழக்கு வந்தால் தீர்க்கிறவர்கள் அவர்களே. யாரும் சொந்தப் பெயரில் இருக்கக் கூடாது. பெயர் கேட்ட நேரத்தில் அவள் பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அதனால் பனங்கிழங்கு மணியம் ஆனாள்.

மணியங்களுக்கான விதிகளை பிரவீன்குமார் போனில் சொல்லச் சொல்ல தேவயானிதான் அடித்துக் கொடுத்தாள். மணியம் தன் வேடத்துக்கு எந்தச் சலுகையும் எடுக்கக் கூடாது. தனக்குத் தெரிந்தவர் வழக்கைத் தொடக் கூடாது. காதோரப் பதிவைப் புகாருக்கு வேண்டிய அளவு மட்டுமே படிக்க வேண்டும். படித்தது வெளியே போகக் கூடாது. காதோரம் என்பது ஆடுகிறவர்கள் இரண்டு பேர் தங்களுக்குள் தனியாகப் பேசிக்கொள்ளும் இடம். புகார் வந்தால் மட்டும் அதைத் திறந்து பார்க்க மணியங்களிடம் ஒரு சாவி உண்டு. சாவி என்றால் ஒரு பொத்தான்தான்.

இரண்டு ஆண்டுகள் அந்தப் பொத்தானை அவள் ஒழுங்காகத்தான் அழுத்தினாள். அவள் தீர்ப்புகள் நாலு வரிக்கு மேல் போகாது, பிழையும் இருக்காது. தோற்றவர்கள்கூட, பனங்கிழங்கு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பார்கள். இந்த நல்ல பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் யாருக்கும் இந்த விஷயம் தெரியாது. பூவரசனுக்கு மட்டும், மனைவி போனில் ஏதோ பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருக்கிறாள் என்ற அளவுக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு சித்திரையில் ஒரு புகார் வந்தது. வெள்ளாத்தி என்ற கப்பல்காரி தன்னைக் கேவலமாகத் திட்டிவிட்டாள் என்று சுங்கக்காரன் வேடக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். தேவயானி சாவியைப் போட்டாள். அந்த நாளில் மென்பொருள் அரைகுறையானது. ஒருவருடைய காதோரத்தைத் திறந்தால் அவர் யார் யாரிடமோ பேசியதெல்லாம் ஒரே நீளத்தில் வந்து நிற்கும். புகாருக்கு உரியவை பன்னிரண்டு வரிகள். சுங்கக்காரர் வெள்ளாத்தியின் போன் நம்பரை ஐந்து முறை கேட்டிருந்தார். ஆறாவது முறை கேட்டதற்குத்தான் வெள்ளாத்தி திட்டியிருந்தாள், அதுவும் ஒரே ஒரு சொல். தப்பு சுங்கக்காரர் மேல்தான். ஒரு மாதம் அவரை வெளியே நிறுத்தி தேவயானி தீர்ப்பு எழுதினாள். அதோடு பக்கத்தை மூடியிருக்க வேண்டும்.

பதின்மூன்றாவது வரி கண்ணில் பட்டது. வெள்ளாத்தி தன் தோழி உப்பாயி என்ற உப்புக்காரிக்கு எழுதியது அது. 'நேத்து எங்க அண்ணி வந்தாங்க. டைப் கிளாஸ்னு நெனச்சிக்கினு எங்க வீட்டு ஆடு மாடைக்கூட முதுக நிமித்துன்னு சொல்றாங்க.'

தேவயானிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. வெள்ளாத்தி அவளுடைய நாத்தனார். பூவரசனின் தங்கை கலைப்பிரியா, இருபத்தேழு வயது. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் அம்மா பவுனுவோடு இருக்கிறாள். முண்டியம்பாக்கத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வாரம் ஒருமுறை போனில் 'நல்லாருக்கீங்களா அண்ணி' என்று கேட்பாள். அதற்கு மேல் பேச்சு வளராது.

இங்கேயானால் அருவியாகக் கொட்டியிருந்தாள். அண்ணி வைக்கும் சாம்பார், பருப்பைத் தேட ஆள் போட வேண்டிய சாம்பார். அண்ணன் பாவம். வறுத்த மல்லாட்டைக் கடலை கொண்டுபோய்க் கொடுத்தால் அதிலும் அண்ணி சொத்தைதான் பொறுக்குவாள். எல்லாம் ஒரு பிடி கூடுதலாக இருந்தாலும் முழுப் பொய் என்று சொல்ல முடியவில்லை. தேவயானி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து நானூறு வரியையும் படித்தாள். முந்நூற்றைம்பது வரியைத் தாண்டி அது இருந்தது.

அதற்கு முந்தின மாசியில் வளவனூரிலிருந்து கலைக்கு ஒரு வரன் வந்திருந்தது. உரக்கடை வைத்திருக்கும் நல்ல குடும்பம். அதைத் தேடிப் பிடித்தவளே தேவயானிதான். மூன்று முறை வளவனூருக்குப் போய்ப் பேசி, ஜாதகம் வாங்கி, தட்டு மாற்ற நாள் பார்க்கும் வரைக்கும் கொண்டுவந்தாள். பிறகு அவர்களிடமிருந்து பேச்சே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் மரியாதை தெரியாதவர்கள் என்று மாமியார் பவுனு இன்னும் புலம்பிக்கொண்டிருந்தாள். நடந்தது வேறு என்று காதோரம் சொன்னது. கலையே மாப்பிள்ளைக்குப் போன் செய்து, எனக்கு விருப்பமில்லை, என் பேர் வெளியே வராமல் நீங்களே ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவரும் நல்ல மனிதர், ஒதுங்கிக்கொண்டார். இதை உலகத்தில் ஒருத்தியிடம் மட்டும் கலை சொல்லியிருந்தாள். முகம் பார்க்காத, ஊர் தெரியாத உப்பாயியிடம்.

தேவயானி பக்கத்தை மூடினாள். படித்ததை மூட முடியவில்லை. வளவனூர் வெயிலில் தான் நடந்த நடை ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வைகாசி அமாவாசைக்கு எல்லோருமாக வேன் பிடித்து மேல்மலையனூர் போனார்கள். கூட்டம் நெரிந்தது. அங்காளம்மனைப் பகலிலேயே கும்பிட்டுவிட்டு, வேன் நின்ற இடத்துப் புளியமர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். பவுனு சோற்றைப் பிசைந்துகொண்டே வளவனூர்க்காரர்களைத் திட்ட ஆரம்பித்தாள். நம்மளை ஊர் சிரிக்க வச்சானுங்க, அவன் கடை உரம் போட்ட பயிர் உருப்படுமா என்று சாபமாகவே போய்க்கொண்டிருந்தது. தேவயானியின் வாய் தானாகத் திறந்தது.

"அவங்கள ஏன் அத்த திட்றீங்க. நம்ம கலைதான் போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டா."

பவுனு மகளைப் பார்த்தாள். கலை மறுக்கவில்லை. கையிலிருந்த சோற்றை இலையில் வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். கொஞ்ச நேரத்தில் அந்தக் குழப்பமும் தெளிந்ததுபோல முகம் மாறியதை தேவயானி கவனித்தாள். யாரோ வளவனூரில் சொன்னார்கள் என்று ஒரு பொய்யை தேவயானியே முந்திக்கொண்டு சொல்லி வைத்தாள்.

பவுனு நான்கு நாள் மகளோடு பேசவில்லை. கலை அதைத் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறொன்று. அவள் கணக்குப்படி விஷயம் தெரிந்தவர் இரண்டே பேர். மாப்பிள்ளைக்கே போன் போட்டுக் கேட்டாள். அவர் தன் வீட்டில்கூடச் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தார். மிச்சம் உப்பாயி. எப்படியோ தன் ஊரையும் வீட்டையும் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள் என்று கலை முடிவுகட்டினாள். ஏழுதுறையின் சந்தைச் சதுக்கத்தில், அறுநூறு பேர் பார்க்க, உப்பாயி நம்பிக்கைத் துரோகி, இவளிடம் யாரும் மனசைத் திறக்காதீர்கள் என்று எழுதிவிட்டாள். சந்தையில் உப்பு வாங்க ஆளில்லாமல் போயிற்று.

இரண்டு நாள் கழித்து உப்பாயியின் புகார் வந்தது. வெள்ளாத்தி யார், எந்த ஊர் என்றே எனக்குத் தெரியாது, நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை, எட்டு மாத சிநேகிதம் இப்படிப் போய்விட்டது, மணியங்கள்தான் விசாரித்து என் பெயரை மீட்டுத் தர வேண்டும் என்று கேட்டிருந்தாள். அந்த வாரம் வழக்கு பார்க்கும் முறை பனங்கிழங்கு மணியத்துடையது.

தேவயானி அதைக் காலை வகுப்புக்கு நடுவே படித்தாள். இரண்டே வரியில் தீர்ப்பு எழுதிவிடலாம். உண்மையில் எழுதியும் பார்த்தாள்: 'உப்பாயிமேல் குற்றமில்லை. வெள்ளாத்தி தன் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும்.' மணியம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊர் ஒப்புக்கொள்ளும். ஆனால் வெள்ளாத்தி ஒப்புக்கொள்ள மாட்டாள். அது எப்படி உங்களுக்குத் தெரியும் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. எழுதியதை அழித்தாள். அன்று ஒரு மாணவி முழுப் பத்தியையும் கூன் போட்டுக்கொண்டே அடித்து முடித்தாள். தேவயானி ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் பூவரசன் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் செம்புக்கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டான். விளையாட்டுதானே, நிஜப் பேர்கூட இல்லாத ஒருத்திக்காக வீட்டில் ஏன் பேஜாரு பண்ணிக்கொள்கிறாய், கொஞ்ச நாளில் எல்லாம் மறந்துபோகும் என்பது அவன் கட்சி. அந்த உப்பாயிக்கு நிஜமாவே அழுக வந்திருக்கும்ல என்று தேவயானி கேட்டாள். அவன் கம்பியை வைத்துவிட்டு, கலையிடம் நீயே நேரில் போய்ச் சொல், போனில் சொல்லாதே என்றான்.

முதலில் பிரவீன்குமாரை அழைத்தாள். அவன் ஷிஃப்ட் முடிந்து பேருந்துக்குக் காத்திருந்தான். நடந்ததை எல்லாம் அவள் சொல்லி முடித்தாள்.

"தம்பி, மொதல்ல என் சாவிய எடுத்துடுங்க. மத்தது அப்புறம் பேசலாம்."

"அக்கா, இன்னும் யாருக்கும் தெரியாதுல்ல. நான் பாத்துக்கறேன்."

"எனக்குத் தெரியுமே. நான்தான அந்த விதிய அடிச்சிக் குடுத்தேன்."

அவன் சாவியை எடுத்துவிட்டான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் திரையில் அந்தப் பொத்தான் மறைந்தது. பிறகு நெடுநேரம் பேசினார்கள். மணியங்கள் பக்கம் ஒரு தவறு நடந்தது என்று மொட்டையாக அறிவித்துவிடலாம் என்றான் அவன். மொட்டையாகப் போட்டால் மற்ற எட்டு மணியங்கள்மேலும் சந்தேகம் விழும் என்றாள் அவள். கடைசியில், பனங்கிழங்கு மணியம் என்ற பெயரோடு ஊருக்கு அறிவிப்பது, வெள்ளாத்தியும் பனங்கிழங்கும் நிஜத்தில் உறவு என்பதை மட்டும் ஊருக்குச் சொல்லாமல் விடுவது என்று முடிவாயிற்று. அது கலையின் சமாச்சாரம். அதைச் சொல்ல இவர்களுக்கு உரிமை இல்லை.

மறுநாள் மதியம் தேவயானி பேருந்தேறி முண்டியம்பாக்கம் போனாள். அங்கே அரசு மருத்துவமனைக்கு எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடை பெஞ்சில் கலை வந்து உட்கார்ந்தாள். அண்ணி இவ்வளவு தூரம் வந்தது எதற்கென்று தெரியாமல் முறைப்பும் மரியாதையுமாக இருந்தாள். தேவயானி சுற்றி வளைக்கவில்லை. ஏழுதுறை என்ற பெயரைச் சொன்னதும் கலை கையிலிருந்த டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பனங்கிழங்கு நீங்களா?"

"ஆமா. உப்பாயி சொல்லல. நான்தான் படிச்சேன்."

"எவ்ளோ படிச்சீங்க?"

"புகாருக்குப் பன்னெண்டு வரி. அதுக்கு மேல நானூறு."

"சாம்பாரு?"

"படிச்சேன்."

கலைக்கு முகம் சிவந்தது. அது வெட்கமா கோபமா என்று தேவயானிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டுமாக இருந்திருக்கலாம். வரன் விஷயம் என்றைக்காவது வெளியே வரப்போவதுதான், அதற்காக நான் உங்கள்மேல் கோபப்பட மாட்டேன் என்றாள் கலை. வீட்டில் யாரிடமும் பேச முடியாததைப் பேச ஓர் இடம் இருந்தது, அங்கேயும் அண்ணி உட்கார்ந்திருந்தீர்கள் என்பதுதான் பொறுக்கவில்லை என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. தேவயானி மன்னிப்புக் கேட்டாள்.

"உப்பாயிகிட்ட நான் இன்னா மூஞ்சிய வச்சிக்கினு பேசுவேன் அண்ணி" என்றாள் எழுந்துகொண்டே. டீயைக் குடிக்காமலே போனாள்.

அன்று மாலை சதுக்கத்தில் அறிவிப்பு வந்தது. தேவயானியே எழுதியது. தான் ஒரு வழக்கில் தேவைக்கு மேல் படித்ததும், படித்ததை வெளியே சொன்னதும், பழி உப்பாயிமேல் விழுந்ததும் ஏழு வரியில் இருந்தன. சமாதானம் ஒன்றும் சேர்க்கவில்லை. ஊர் இரண்டு நாள் கொதித்தது. நாற்பது பேர் விளையாட்டைவிட்டே போனார்கள். பனங்கிழங்கு அவிந்துவிட்டது என்று ஒருவர் எழுதினார். அதற்கு இருநூறு பேர் சிரித்தார்கள். தேவயானிக்கே அது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது, மறுநாள்.

உப்பாயிக்கு அவள் தனியாக ஒரு கடிதம் எழுதி பிரவீன்குமார் வழியாகக் கொடுத்தனுப்பினாள். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. 'உப்புப் பெறாத விஷயம் என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். உப்பு விற்கிறவளே அப்படிச் சொன்னால் நன்றாக இருக்காது. எனக்கு வருத்தம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு என் சிநேகிதி திரும்பக் கிடைத்திருக்க மாட்டாள்.'

சிநேகிதி திரும்பிய கதையை தேவயானி பிற்பாடு கேள்விப்பட்டாள். கலை வெறும் மன்னிப்போடு நிறுத்தவில்லை. வெள்ளாத்தியின் கப்பல் ஒரு மாதம் முழுக்க வேறு சரக்கே ஏற்றாமல் ஏழு துறைக்கும் உப்பாயியின் உப்பை மட்டுமே சுமந்து போனது. துறைக்குத் துறை இறங்கி, இந்த உப்பைப் பழித்த வாய் என்னுடையது என்று வெள்ளாத்தி கூவி விற்றாள். மூன்றாவது துறையில் கூட்டம் கூடிவிட்டது. ஐந்தாவது துறையில் உப்பு தீர்ந்துவிட்டது. போதும் தாயே, நிறுத்து என்று உப்பாயியே வந்து கப்பலை மறித்தாளாம்.

விதிகளும் மாறின. இப்போது காதோரத்தைத் திறக்க இரண்டு மணியங்களின் சாவி சேர்ந்து விழ வேண்டும். புகாருக்கு உரிய வரிகளுக்கு மேல் திரையில் வராது. யாருடைய பேச்சைத் திறந்தாலும், எந்த வரி, எதற்காக என்று அவருக்கே ஓர் ஓலை போய்விடும். இந்த வேலையை பிரவீன்குமார் மூன்று மாதம் லீவு நாட்களில் உட்கார்ந்து செய்தான். இதை முதலிலேயே செய்திருந்தால் உங்களுக்கு இந்தச் சங்கடமே வந்திருக்காது அக்கா என்று ஒருநாள் வருத்தப்பட்டான். பூட்டு இல்லாத வீட்டில் நுழைந்தாலும் நுழைந்தது நுழைந்ததுதான் என்றாள் தேவயானி.

வீட்டில், ஆவணி மாதம் அடுத்த வரன் பேச்சு வந்தபோது கலை அம்மாவிடம் நேராகவே இரண்டு வருஷம் போகட்டும் என்று சொல்லிவிட்டாள். பவுனு ஒரு பாட்டம் அழுதாள். பிறகு, சொல்லாமல் செய்வதற்கு இது தேவலை என்று தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டாள். வாரம் ஒருமுறை வரும் போன் நான்கு மாதம் நின்றிருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் மறுபடி வந்தது. சாம்பாரில் பருப்பு கூடியிருக்கிறதா என்று கலை கேட்டாள். உங்கண்ணனையே கேளு என்றாள் தேவயானி. இரண்டு பேரும் சிரித்தார்கள். பழைய 'நல்லாருக்கீங்களா அண்ணி'யைவிட அது நன்றாக இருந்தது.

இந்தத் தையில் மற்ற எட்டு மணியங்களும் கூடிப் பேசி, தேவயானியைத் திரும்ப அழைத்தார்கள். வருகிறேன், ஆனால் எனக்கு வேண்டியவர்கள் ஆடுகிற வேடங்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், அவர்கள் வழக்கு எதுவும் என்னிடம் வரக் கூடாது என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. வெள்ளாத்தி என் நாத்தனார் என்று எழுதிக் கொடுப்பதும் கலையின் ரகசியத்தைச் சொல்வதுதான். கலைக்குப் போன் செய்து அனுமதி கேட்டாள். கலை ஒரு நாள் யோசித்தாள்.

"வெள்ளாத்தி பேர சொல்லிக்கங்க அண்ணி. எனக்கு அங்க இன்னொரு வேஷமும் கீது. அது உங்களுக்குத் தெரிய வேணாம்."

"அப்ப அந்த வழக்கு எங்கிட்ட வந்துட்டா?"

"வராது. அத நானே பிரவீன் அண்ணங்கிட்ட சொல்லிக்கிறேன்."

சொல்லியும்விட்டாள். தேவயானி இப்போது மறுபடியும் பனங்கிழங்கு மணியமாக, செவ்வாய், வெள்ளி மாலைகளில் வழக்கு பார்க்கிறாள். சில புகார்கள் மட்டும் அவள் முறையில் வந்தாலும் வேறு மணியத்துக்குப் போய்விடுகின்றன. எந்த வேடத்துக்காக என்று அவள் பிரவீன்குமாரிடம் கேட்டதில்லை.